பத்தரை மணி விசில்

சிலை வைக்கப் போகிறோம் என்று சங்கச் செயலாளர் சொன்னபோது நாத்தனாருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அதுவும் எங்கே? முன்வாசலில். தோட்டக்காரர்கள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று எந்த வாசலில் ஒரு காலத்தில் சங்கிலி போட்டிருந்தார்களோ, அதே வாசலில், அந்தச் சங்கிலியை அவிழ்க்க வைத்தவளுக்கே சிலை. இடம் கம்பெனி தருகிறதாம். சிற்பியையும் கம்பெனியே பிடித்துக் கொடுக்கிறதாம். இது மட்டும் அண்ணிக்குத் தெரிந்தால், எங்கிருந்தாலும் எழுந்து வந்து, திடீர்னு எதுக்கு இவ்வளவு பாசம் என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

அந்தத் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிற நானூறு பேருக்கும் அவள் நாத்தனார்தான். அண்ணி அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட நாளில் வரிசை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய், இது என் நாத்தனார், கொஞ்சம் வாய் ஜாஸ்தி, பார்த்துக்கோங்க என்று அறிமுகம் செய்தாள். அன்றைக்கு ஒட்டியது இன்றுவரை போகவில்லை. லாரி டிரைவருக்கும் நாத்தனார், தள்ளாடும் காவல்காரருக்கும் நாத்தனார். புதிதாக வந்த மேனேஜர்கூட இதுதான் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதைக்குறைவாகப் போய்விடக் கூடாதே என்று, 'நாத்தனார் மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அண்ணி எப்படிப்பட்டவள் என்று நாத்தனாரைக் கேட்டால் முதலில் குறைதான் சொல்வாள். குளியலறைக்குள் போனால் வெளியே வர மாட்டாள். சீப்பை எடுத்த இடத்தில் வைக்க மாட்டாள். தேநீரில் சர்க்கரை போதவில்லை என்பதை முழுசாகக் குடித்து முடித்த பிறகு சொல்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். இத்தனையும் ஒப்பித்துவிட்டு, ஆனா அவங்க இல்லைன்னா நாங்க இன்னும் வாய்க்கால் தண்ணியைத்தான் குடிச்சுக்கிட்டு இருப்போம் என்பாள்.

அது உண்மை. ஆபீஸ்காரர்களுக்குக் குழாய், தோட்டக்காரர்களுக்கு வாய்க்கால் என்று இருந்ததை மாற்றியவள் அண்ணி. கழிப்பறை இல்லாத தோட்டத்தில் பெண்கள் காலையிலிருந்து தொண்டை நனைக்காமலே வேலை பார்த்த கதையை முடித்து வைத்தவள் அண்ணி. ஊர்வலம், கோர்ட்டு, இரண்டு தடவை லாக்கப் என்று எதற்கும் அசரவில்லை. ஆனால் எல்லாவற்றையும்விட அவள் அதிக நாள் மல்லுக்கட்டியது ஒரு பத்து நிமிடத்துக்காக. அப்போதிருந்த மேனேஜர் அவள் தலையைக் கண்டாலே, அதோ வருது பாருங்க பத்து நிமிஷம் என்று நக்கலடிப்பார். அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? மறுநாளே தன் தொப்பியில் கொட்டை எழுத்தில் 'பத்து நிமிஷம்' என்று எழுதி மாட்டிக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

விஷயம் இதுதான். தக்காளிச் செடி இடுப்பு உயரம்கூட வராது. காலையில் குனிந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிமிரலாம். நடுவில் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று கேட்டால் அந்த மேனேஜர் இரண்டு கையையும் விரித்து, "உட்காருங்களேன், யாரு தடுத்தா?" என்பார். யாரும் தடுக்கவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் நானூறு முதுகு குனிந்திருக்கிற இடத்தில் ஒரே ஒரு தலை நிமிர்ந்தால் அது எத்தனை தூரத்துக்குத் தெரியும்? நிமிர்ந்தவளுக்கு மறுநாள் பின்வாசலிலேயே கதவு சாத்தியிருக்கும்.

அண்ணிக்கு ஒருநாள் சூட்சுமம் பிடிபட்டது. தனியாக ஒருத்தி உட்கார்ந்தால் அவள் சோம்பேறி. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் அது சட்டம். நாத்தனாரின் அண்ணன், அதாவது அண்ணியின் கணவன், தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். அவன் இளவட்டமாக இருந்தபோது கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போய்க்கொண்டிருந்தான். அந்தக் காலத்து இரும்பு விசில் ஒன்று வீட்டு மேசை டிராயரில் கிடந்தது. அண்ணி அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, சரியாகப் பத்தரை மணிக்கு, ஊதினாளே ஒரு ஊது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த மாடெல்லாம் திரும்பிப் பார்த்தன. ஊதிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஒருத்தரும் அசையவில்லை. நானூறு பேரும் குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தார்கள். சூப்பர்வைசர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அந்த நேரத்தில் பக்கத்து வரிசையில் இன்னொருத்தி தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். நாத்தனார். அன்றைக்கு அந்த இரண்டு பேர்தான். மறுநாள் இருபது பேர் உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் பாதித் தோட்டம். இரண்டாவது மாதம் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, காலையில் ஒரு விசில், சாயங்காலம் ஒரு விசில் என்று.

அதிலிருந்து நாத்தனாருக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. 'முதல் நாளே உட்கார்ந்தவள்' என்று ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டுவார்கள். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பெல்லாம் கூசும். ஏனென்றால் உண்மை அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த முதல் நாள் காலையிலிருந்து அவள் பூட்ஸுக்குள் ஒரு கூரான கல் கிடந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. விசில் எதற்கு ஊதினார்கள் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. அண்ணிக்குத் திட்டு விழப்போகிறது, சூப்பர்வைசர் கண் அந்தப் பக்கம் இருக்கும், இதுதான் சமயம் என்று உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி உதறினாள். அவளுடைய வீரம் அவ்வளவுதான். நிஜத்தில் அவள் அதட்டலுக்குப் பயந்தவள். சூப்பர்வைசர் இருமினாலே கை வேகமாக ஓடும். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் யாராவது கைதட்டிவிடுவார்கள்.

விசிலுக்கு அண்ணி வைத்த முறை ரொம்பக் கறார். ஊதினால் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார வேண்டும். தக்காளிப் பெட்டி மேல் உட்காரக் கூடாது, பெட்டி கம்பெனியுடையது. கையில் என்ன இருந்தாலும் கீழே வைத்துவிட வேண்டும். டிராக்டர் நின்றுவிட வேண்டும். யாராக இருந்தாலும் சரி. "ஒருத்தர் நின்னாலும் போதும், மிச்சப் பேரையெல்லாம் சோம்பேறின்னு காட்ட" என்பாள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். ஒரு நிமிடம் கூடினால் கம்பெனிக்கு வாய் கிடைக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, டாண் என்று இரண்டாவது விசிலை ஊதுவாள். இருபது வருடத்தில் இது நானூறு பேருக்கும் உடம்பிலேயே ஊறிவிட்டது. மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் முழங்கால் மடங்கிவிடும். ஒரு தடவை லாரி டயர் மாற்றிக்கொண்டிருந்தவன் ஜாக்கியைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணி போய்ச்சேர்ந்தாள். விசிலை யார் கழுத்தில் மாட்டுவது என்று ஒரு பேச்சே எழவில்லை. முதல் நாளே உட்கார்ந்தவள் இருக்கும்போது வேறு யார்? நாத்தனாரும் வாயைத் திறக்காமல் கழுத்தை நீட்டினாள். அண்ணி இல்லாத தோட்டத்தில் அந்தக் கயிறு கழுத்தில் உரசிக்கொண்டிருப்பது அவளுக்கு வேண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் புது மேனேஜர் சிலை யோசனையோடு வந்தார். அவர் பழைய மேனேஜர் மாதிரி கத்துகிறவர் இல்லை. தேன் ஒழுகப் பேசுவார். யாரைப் பார்த்தாலும் குடும்பத்தில் எல்லோரும் நலமா என்று கேட்பார், பதிலையும் காதுகொடுத்துக் கேட்பார். சிலை விஷயம் பேசச் சங்க அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். ஆட்டம் போடும் மின்விசிறி, ஒரு கால் உடைந்த நாற்காலி, சுவரில் தொப்பியோடு அண்ணியின் படம். செயலாளர் சிலையின் வரைபடத்தை மேசையில் விரித்தார். அண்ணி வலது கையை வானத்தை நோக்கி உயர்த்திக்கொண்டு நிற்கிறாள். மூக்கு எடுப்பாக, சினிமாக்காரி மாதிரி இருந்தது. நாத்தனார் பார்த்துவிட்டு, அண்ணிக்கு வலது தோள் வலி, அந்தக் கையை அவங்க காது வரைக்கும் தூக்கினதைக்கூட நான் பார்த்ததில்லையே என்றாள். செயலாளர், கலைன்னா அப்படித்தான் இருக்கும் என்று அடக்கிவிட்டார்.

செயலாளரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நாலாவது வரிசையில் தக்காளி பறித்து மேலே வந்தவர். அண்ணி பெயரைச் சொன்னாலே கண் கலங்கிவிடும். அவருக்குச் சிலை வேண்டும், எப்படியாவது வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசையில் காகிதத்தின் இரண்டாவது பக்கத்தை அவர் வேகமாகப் புரட்டப் பார்த்தார். நாத்தனார் விரலை வைத்து நிறுத்தினாள்.

அதில் இருந்தது இது. சரித்திரப் புகழ்பெற்ற விசிலை இனி ஊதித் தேய்க்கக் கூடாது. சிலையின் காலடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிப் பாதுகாக்க வேண்டும். ஓய்வுக்கு விசில் தேவையில்லை. எல்லோர் கையிலும் இருக்கும் போனில் ஒரு பொத்தான் வரும். யாருக்கு எப்போது வேண்டுமோ அப்போது அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்துகொள்ளலாம்.

"யாருக்கு வேணும்னாலும், எப்ப வேணும்னாலும். யாரு தடுக்கப் போறா?" என்று மேனேஜர் இரண்டு கையையும் விரித்தார்.

நாத்தனார் அந்தக் கைகளையே பார்த்தாள். அதே கை, அதே விரிப்பு. போதாக்குறைக்கு இந்தப் பொத்தான் பேக்கிங் ஷெட்டில் இரண்டு மாதமாக வெள்ளோட்டத்தில் இருக்கிறது. என்ன ஆயிற்று? வாசலில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, பொத்தானை அழுத்துகிறவர்கள் பெயரைச் சிவப்பில் காட்டினார்கள். முதல் வாரம் நிறையச் சிவப்பு. பிறகு குறைந்தது. லேபிள் ஒட்டுகிற பெண் கால் பிடித்துக்கொண்டதென்று ஒருநாள் அழுத்தினாள். மறுநாள் அவளைப் பெட்டி கழுவப் போட்டார்கள், காரணம் யாரும் சொல்லவில்லை. இப்போது அந்த டிவி முழுக்கப் பச்சை. ஷெட்டுக்காரர்களுக்கு ஓய்வே தேவைப்படவில்லை பாருங்கள் என்று மேனேஜர் பெருமையாகச் சொன்னார்.

நாத்தனார் இதையெல்லாம் கூட்டத்தில் எடுத்துச் சொன்னாள். சொன்னாள் என்றால், பாதியில் தடுமாறி, மேனேஜர் புன்னகையோடு தலையாட்ட ஆட்ட இன்னும் குழறி, எப்படியோ சொல்லி முடித்தாள். செயலாளர் அவள் தோளைத் தட்டினார். வெற்றி பெற்றவர்களுக்குப் பயம் எதற்கு, முதல் நாளே உட்கார்ந்தவங்க கையாலேயே விசிலைப் பெட்டிக்குள் வைக்கிற கௌரவம் உங்களுக்குத்தான் என்றார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பாவி மனம், அந்தக் கைதட்டலில் அவள் மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள்.

விழாவுக்கு முந்தைய நாள் மாலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து டிராக்டர் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தான். விசில் அவளிடம் இல்லை. பளபளவென்று இருக்க வேண்டும் என்று செயலாளர் அதை வாங்கிக்கொண்டு போய்த் தங்க நிறப் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது. அவளால் அடக்க முடியவில்லை. விசில் போனால் பத்து நிமிடம் போய்விடும், அண்ணி அத்தனை பாடுபட்டதெல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும், அதைத் தன் கையாலேயே வைக்கச் சொல்கிறார்கள் என்று பொரிந்து தள்ளினாள். அண்ணன் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, அப்ப வைக்காதே என்றான். சொல்வது எவ்வளவு சுலபம்.

"எனக்குத் தைரியம் கிடையாதுண்ணே. அன்னைக்கும் கிடையாது. நான் உட்கார்ந்தது விசிலுக்காக இல்ல. பூட்ஸுக்குள்ள கல்லு."

சொல்லிவிட்டாள். இருபத்து மூன்று வருடம் கழித்து. அண்ணன் கையில் இருந்த ஊசியைக் கீழே போட்டுவிடுவான், அல்லது ஒரேயடியாகத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் நூல் முடிச்சைப் பல்லால் கடித்துவிட்டு, அது எனக்குத் தெரியுமே என்றான்.

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்படி என்று கேட்டாள். உன் அண்ணிதான் சொன்னா, நீ பூட்ஸைக் கழட்டி உதறினதை அவ பக்கத்து வரிசையிலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தா என்றான். அப்படியானால் அண்ணிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு ஆண்டும் அவளை எழுப்பி நிற்கவைத்து, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியிருக்கிறாள். அந்தப் பொல்லாதவள் ஒரு தடவைகூட இதை வைத்துக் குத்திக்காட்டவில்லையே என்று நினைத்தபோது நாத்தனாருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"வேற என்ன சொன்னாங்க?"

அண்ணன் யோசித்தான். ஏதோ சொன்னா, நல்லாத்தான் இருந்துச்சு, ஞாபகம் வர மாட்டேங்குது என்றான். நாத்தனார் அவனை உலுக்கிப் பார்த்தாள், தேநீர் போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். ம்ஹூம். மண்டையில் ஏறினால்தானே இறங்குவதற்கு. இவனை வைத்துக்கொண்டு அண்ணி எப்படித்தான் முப்பது வருடம் குப்பை கொட்டினாளோ என்று திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விழா. முன்வாசலில் பலகை மேடை. பக்கத்தில் நீலத் துணி போர்த்திய சிலை. துணியைக் கட்டியிருந்த கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு மூட்டை தூக்குகிற இரண்டு பேர், மேனேஜர் கையசைத்தால் இழுக்கத் தயாராக. மேடையில் மட்டும் நாற்காலிகள். நானூறு பேரும் வெயிலில் நின்றார்கள். இன்றைக்குக் காலை ஓய்வு இந்த விழாவிலேயே அடங்கிவிட்டது, தனியாகக் கிடையாது என்று சூப்பர்வைசர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நின்றுகொண்டே ஓய்வெடுக்கும் அதிசயத்தை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

நாத்தனாரை மேடை ஓரத்தில் நிறுத்தி, வெல்வெட் துணி விரித்த தட்டைக் கையில் கொடுத்திருந்தார்கள். தட்டில் விசில். தங்கமாக மின்னியது. அவளுக்கு அதை அடையாளமே தெரியவில்லை. அண்ணியின் பல் பட்டுப் பட்டு வாய்ப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும், அதைக்கூடப் பெயின்ட் மெழுகி மூடியிருந்தது.

மேனேஜர் பேசினார். பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மறைந்த தலைவி கம்பெனிக் குடும்பத்தின் மூத்த மகள் என்றார். லாக்கப்பில் இருந்தபோது இந்தக் குடும்பம் ஒரு எட்டு வந்து பார்க்கவில்லையே என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். அடுத்து செயலாளர் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார், அடுத்து நாத்தனார் மேடம் விசிலைப் பெட்டியில் வைப்பார், அடுத்து துணி விலகும் என்று வரிசை சொன்னார். செயலாளர் எழுந்து பேனா மூடியைத் திறந்தார்.

நாத்தனார் மணிக்கட்டைப் பார்த்தாள். பத்து இருபத்தொன்பது.

தட்டை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஓடிவிடலாமா என்று நினைத்தாள். மயக்கம் வருவதுபோலச் சாய்ந்துவிடலாமா என்றும் நினைத்தாள். கீழே முதல் வரிசையில் லேபிள் ஒட்டுகிற பெண், இப்போது பெட்டி கழுவுகிறவள், ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள். அண்ணி இருந்தால் அவளைத்தான் முதலில் பார்த்திருப்பாள். முள் பத்தரைக்கு வந்தது. நாத்தனார் விசிலை எடுத்து வாயில் வைத்து மூச்சைக் கட்டி ஊதினாள்.

புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

பெயின்ட். ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. மேடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் புருவத்தைத் தூக்கினார். செயலாளர் வேண்டாம் வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டினார். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, துடைத்துப் பார்த்தேன் என்று சமாளித்திருக்கலாம். நாத்தனார் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, விசிலின் வாய்க்குள் விட்டுக் குடைந்தாள். தங்கத் துணுக்குகள் வெல்வெட்டில் உதிர்ந்தன. ஊசியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டு மறுபடியும் ஊதினாள்.

அது அண்ணியின் சத்தம். வாய்க்காலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

நானூறு பேரும் உட்கார்ந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. கயிறு பிடித்திருந்த இருவரும் கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். துணி பாதி வழுக்கி, சிலையின் இடுப்பில் வந்து சிக்கிக்கொண்டது. ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டுமே என்று ஒயரைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். மைக் செத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத சங்கதி என்னவென்றால், செயலாளரும் உட்கார்ந்திருந்தார். நாலாவது வரிசையில் பழகிய முழங்கால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மடங்கிவிட்டது. பேனாவையும் பழக்க தோஷத்தில் கீழே வைத்திருந்தார். அது பலகைச் சந்தில் உருண்டு மேடைக்கு அடியில் போய் விழுந்தது.

ஊதுகிறவள் கடைசியில் உட்கார வேண்டும். நாத்தனாரும் பலகையில் உட்கார்ந்தாள்.

நின்றுகொண்டிருந்தவர் ஒரே ஒருவர். மேனேஜர். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் அத்தனை பேர் நிற்க இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்று அத்தனை பேர் உட்கார்ந்திருக்க ஒருவர் நின்றார். அவர் செத்த மைக்கைத் தட்டிப் பார்த்தார். குனிந்து, தேன் குரலில், நாத்தனார் மேடம், விழா நடந்துக்கிட்டு இருக்கு, நான் இன்னும் முடிக்கல என்றார்.

"பேசுங்க சார். யாரு தடுத்தா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பின்வரிசைகளுக்கு அது வாய்வழியாகப் போய்ச் சேர்ந்து, அலை அலையாகச் சிரிப்பு திரும்பி வந்தது. மேனேஜர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தன் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், பாதி திறந்த சிலையைப் பார்த்தார், கீழே வெயிலில் உட்கார்ந்திருந்த நாலாவது வரிசைக்காரர்களைப் பார்த்தார். அவர் கண் வழக்கம்போலக் கலங்கியது. காகிதத்தை நாலாக மடித்தார்.

"விசில் பெட்டிக்குள்ள போகாது சார். அந்த ரெண்டாவது பக்கம் வேண்டாம். சிலைக்கு இடம் தர முடியாதுன்னா சொல்லுங்க, தூக்கிட்டுப் போய்ச் சங்க வாசல்ல வச்சுக்கறோம்" என்றார். சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தின் மேலேயே நகர்ந்து உட்கார்ந்துகொண்டார், பலகை சுட்டதோ என்னவோ. மேனேஜர் அந்தத் தலைகளையெல்லாம் ஒரு தடவை பார்த்தார். நானூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தனியாக நிற்பது எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்று அவருக்கும் அப்போது புரிந்திருக்க வேண்டும். மெதுவாகப் பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி கணக்கில் வராது, தரைதான் என்று சொல்ல நாத்தனாருக்கு நாக்கு துறுதுறுத்தது. போகட்டும், புதியவர் என்று விட்டுவிட்டாள்.

மூன்று நிமிடம் போனது. வாசல் ஓரம் நிறுத்தியிருந்த டிராக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன், நிற்கக் கூடாது என்ற முறைக்காக, அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்ந்து வந்தான். பார்க்கவே கண்றாவியாக இருந்தது. மேடை விளிம்புக்கு வந்து, தங்கையை நிமிர்ந்து பார்த்தான்.

"வாயெல்லாம் தங்கம்" என்றான்.

அவள் புறங்கையால் துடைத்தாள். கையும் தங்கமாயிற்று.

"ஞாபகம் வந்துருச்சு. உன் அண்ணி சொன்னது."

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"அவ பூட்ஸுக் கல்லுக்காகத்தான் உட்கார்ந்தா, எனக்குத் தெரியும்னா. ஆனா கல்லை எடுக்க அரை நிமிஷம் போதும். எடுத்துட்டுப் பூட்ஸை மாட்டிக்கிட்டா. சூப்பர்வைசர் தலைமாட்டுல நின்னு கத்துறான். அதுக்கப்புறம் நான் ரெண்டாவது விசில் ஊதுற வரைக்கும் ஒன்பதரை நிமிஷம் அவ எழுந்திருக்கல. அந்த ஒன்பதரை நிமிஷமும் என்னைத் தனியா விடாம உட்கார்ந்திருந்தான்னு சொன்னா."

நாத்தனாருக்கு அது ஞாபகமே இல்லை. பயந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும்தான் நினைவில் இருந்தது. சூப்பர்வைசரின் பூட்ஸ் கண்ணுக்கு நேரே நின்றதும், அண்ணியின் கை வரிசையைத் தாண்டி வந்து தன் கையைப் பிடித்துக்கொண்டதும் இப்போது ஒவ்வொன்றாக வந்தது. எழுந்துவிடத்தான் நினைத்தாள். அண்ணி மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பாளே என்று எழவில்லை. இத்தனை வருடமும் தன்னை அந்தக் கைதட்டலைத் திருடியவள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், தங்க வாயோடு, நானூறு பேர் முன்னால், விக்கி விக்கி அழுதாள். யாரும் கைதட்டவில்லை. அது ஓய்வு நேரம்.

அழுகை ஓய்ந்து மணிக்கட்டைப் பார்த்தபோது பத்து நாற்பத்தொன்று. ஒரு நிமிடம் கூடிவிட்டது. அண்ணி இருந்திருந்தால் அந்த ஒரு நிமிடத்துக்காக அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். நாத்தனார் அவசரமாகப் பூட்ஸைக் கழற்றித் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு கல்லும் இல்லை. மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று, விசிலை ஊதினாள்.